கன்சாலிடேஷன்

சரக்கு ஏஜெண்டு பர்னபாஸ், "கன்சாலிடேஷன்" என்று சொன்னபோது, சந்தனச்செல்வி வெட்கப்படாமல் அர்த்தம் கேட்டாள்.

"ஒரு கண்டெய்னர் நெறைய உங்கிட்ட சரக்கு இருக்கா? இல்லல்லா. உன்ன மாதிரி நாலு பேரு சரக்க ஒண்ணா சேத்து அனுப்புதது. பஸ்ல போற மாதிரின்னு வச்சுக்கோ."

உடன்குடிக் கருப்பட்டியை அவள் கடல் தாண்டி அனுப்புவது இதுதான் முதல்முறை. மலேசியாவில் கிள்ளான் ஊர்க் கடைக்காரர் பொங்கலுக்கு விற்றுப் பார்த்துவிட்டு, பிடித்தால் மாதாமாதம் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதை நம்பி உள்ளூர்க் கடைகளுக்குப் போடுவதைக்கூட நிறுத்திவிட்டாள். பிளாஸ்டிக் வேண்டாம் என்றதும் அவள்தான். காற்றில்லாமல் அடைத்தால் கருப்பட்டி கசியும். ஓலைப்பெட்டியில் வைத்துத் தைப்பதுதான் அவர்கள் வீட்டு வழக்கம். ஓலையைப் பார்த்தாலே வெளிநாட்டில் வாங்கக் கை நீளும் என்றும் நினைத்தாள்.

ஏற்றுகிற அன்று சரக்குக் கிட்டங்கிக்குப் போனாள். கண்டெய்னருக்குள் அவளுடைய ஓலைப்பெட்டிகளை ஒட்டிச் சாக்குமூட்டைகள் அடுக்கியிருந்தார்கள்.

"அண்ணாச்சி, கருவாடுல்லா இது."

"நல்லா கட்டியிருக்கு, வாசம் வராது. உன் சரக்க எறக்கணும்னா எறக்கிருவோம். அடுத்த கண்டெய்னர் பொங்கல் கழிச்சுத்தான். சொல்லு."

அவள் கதவுக்கு வழிவிட்டு விலகி நின்றாள். கதவை இழுத்து சீல் வைத்தார்கள்.

சரக்கு பொங்கலுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் போனில் திட்டவில்லை. "பாயசம் வச்சுப் பாத்தோம்மா. மீன் கொழம்பாட்டம் இருந்துச்சு," என்று சிரித்தார். இந்தச் சரக்கும் வேண்டாம், இனியும் வேண்டாம் என்றார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் பர்னபாஸின் ஆபீசில் போய் நின்றாள்.

"ஓலையில யாராவது அனுப்புவாங்களா? காத்து போற எடத்துல வாசமும் போவும்," என்றார்.

"நீங்கதான அண்ணாச்சி கருவாட்டோட சேத்தீங்க."

"சேக்குததுதாம்மா என் தொழிலு. எங்கருவாட்டுல கருப்பட்டி வாசம் அடிக்குன்னு அந்தக் கருவாட்டுக்காரரு வந்து நின்னாரா?"

பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். வேறு யாருடைய சரக்காகவாவது இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

"திருப்பிக் கொண்டு வரலாம். அதுவும் கன்சாலிடேஷன்தான். எதோட சேந்து வரும்னு இப்ப சொல்ல முடியாது."

"அங்கனயே கொட்டச் சொல்லுங்க."

"அப்ப எனக்கு ஒரு மெயில் போடு. டிஸ்ட்ராய்னு ஒரு வார்த்த இருந்தாப் போதும்."

அவள் போனை எடுத்தாள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்கவில்லை.