முள்ளம்பாறையைப் படம் எடுக்கும் முறை

முள்ளம்பாறை என்ற மலையைக் கல்குவாரிக்காரர்கள் கடைசிக் கல் வரை வெட்டி எடுத்துப்போன மூன்றாம் ஆண்டு, மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, அது ஏலிக்குட்டி எடுத்த புகைப்படத்தில் உச்சி முதல் அடி வரை நின்றது. அந்த இடத்தில் அப்போது இருந்தது ஒரு பள்ளமும் அதன்மேல் வானமும்தான். ஏலிக்குட்டி பஸ் கண்டக்டர். வயது ஐம்பத்து மூன்று. வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கி, விடுமுறை நாட்களில் கொக்கு, பலாமரம், பாலம் என்று எடுத்துப் பழகிக்கொண்டிருந்தவள். அன்று பள்ளத்தை எடுக்கத்தான் போனாள். கிணறுகள் வற்றி, சுவர்கள் விண்டு, அடிவாரத்து நாற்பது வீட்டுக்காரர்களும் மனுக் கொடுத்திருந்தார்கள். தாலுகா அலுவலகத்து சசீந்திரன் சார் பழைய ஏட்டைப் புரட்டி, அங்கே மலையே இருந்ததில்லை, ஆகவே வெட்டினார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று எழுதிவிட்டார். இருந்ததென்றால் போட்டோ கொண்டுவரச் சொன்னார். ஊரில் ஒருவரிடமும் இல்லை. தினமும் பார்க்கிற மலையை யார் போட்டோ எடுப்பார்கள்? கல்யாண ஆல்பங்களில் எல்லாம் ஸ்டுடியோத் திரைதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு கேமராவும் போனுமாக முப்பது பேர் வந்தார்கள். ஆறு பேரின் படத்தில் மட்டும் மலை விழுந்தது. மற்றவர்களுக்கு வெறும் வானம். ஏலிக்குட்டி எல்லாருடைய படங்களையும் வாங்கிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தாள்: ஒழுங்காக எடுக்கப்பட்ட படத்தில்தான் மலை வருகிறது. அன்று மாலையே வாசகசாலைப் பலகையில் எழுதி ஒட்டினாள். கை நடுங்கினால் மலை வராது. முக்காலி இல்லாதவர்கள் துணிப்பையில் அரிசி கட்டி, மதிலில் வைத்து, அதன்மேல் கேமராவை அமர்த்தவும். ஏழு முதல் எட்டரைக்குள், வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுக்கவும். உச்சி வெயிலில் பாறை மடிப்புகள் தட்டையாகிவிடும். லென்ஸின் துளையைச் சிறிதாக்கினால் முன்னால் நிற்கும் வாழையும் பின்னால் நிற்கும் மலையும் ஒருசேரத் தெளியும். போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்குவதைவிட நாலடி நடந்து கிட்டே போவது நல்லது. கையில் இருக்கும் கேமராவே போதும், கண்ணாடியைத் துடைத்தால்.

மழை தொடங்குவதற்குள் கள்ளிறக்குபவர், தையல்காரி, பள்ளிக்கூடத்து ஆயா எல்லாருக்கும் மலை வந்துவிட்டது. எல்லாம் கம்ப்யூட்டர் வேலை என்றார் குவாரி முதலாளி வர்க்கிச்சன். அதை நிரூபிக்க சசீந்திரன் சாரே அலுவலகத்தின் விலையுயர்ந்த கேமராவோடு வந்தார். முதல் ஐந்து படமும் வானம். சார் சிரித்தார்.

"கண்ணாடி பூரா உங்க கைரேகைதான் சார். தொடைச்சிட்டு எடுங்க" என்று ஏலிக்குட்டி தன் துணியை நீட்டினாள்.

ஆறாவது படத்தில் மலை வந்தது. சரிவில் ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. சார் அதை அழித்துவிட்டு மறுபடி எடுத்தார். ஆடு நாலடி மேலே ஏறியிருந்தது. பதினெட்டுத் தடவை அழித்தார். ஆடு பாதி மலை ஏறிவிட்டது.

செப்டம்பரில் ஏலிக்குட்டியை டிப்போவுக்குக் கூப்பிட்டார்கள். படங்கள் பொய் என்று கையெழுத்துப் போட்டால் வேலை, இல்லையென்றால் விசாரணை.

"ஓய்வுக்கு மூணு வருஷம்தான் சேச்சி. ஒரு கையெழுத்துல என்ன போயிடும்?" என்றார் மேலாளர்.

"மலை போயிடும் சார்" என்றாள் அவள். டிக்கெட் இயந்திரத்தையும் பையையும் மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றிரவு அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஞாயிறு காலை முதல் ஆளாய் மதிலருகே நின்றாள். செய்தி பரவி, பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்து, முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் மூச்சைப் பிடித்து ஒரே நேரத்தில் எடுத்தார்கள். ஒருவருக்கும் தப்பவில்லை.

திங்கட்கிழமை, பள்ளத்தின் அடியில் இன்னும் தோண்டி உடைத்துக்கொண்டிருந்த ஜல்லியை அள்ள வந்த முதல் லாரி பள்ளத்தில் இறங்கவில்லை. பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியதும் மூக்கை உயர்த்தி வெறும் காற்றில் ஏறத் தொடங்கியது. டிரைவர் பிஜோய் பாதி வழியில் முதலாளிக்குப் போன் செய்தான்.

"மொதலாளி, வண்டி கீழ எறங்க மாட்டேங்குது. மேல போகுது. அதுவும் ஃபர்ஸ்ட் கியர்லதான்."

"காலங்காத்தாலயே குடிச்சிட்டியாடா?"

"கட்டன்சாயாதான் மொதலாளி. இங்க நல்ல காத்து வேற."

அவன் உச்சியில் வண்டியைத் திருப்ப இடம் தேடி, மறுபக்கம் இறங்கி, தேவாலயத்துக்குப் பின்னால் சாலையைப் பிடித்தான். மற்ற லாரிகளுக்கும் அதுவேதான் நடந்தது. கிளட்ச் தேய்ந்ததுதான் மிச்சம். பள்ளத்துக்குள் இருந்த இயந்திரங்களை வெளியே எடுக்க வழியில்லாமல் போய், டிசம்பரில் குவாரி மூடப்பட்டது. ஏலிக்குட்டியின் விசாரணையைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் பழைய தடத்துக்கே வேலைக்குத் திரும்பினாள்.

ஜனவரியில் சசீந்திரன் சார் ஏட்டைத் திருத்த வந்தார். அதில் ஒட்ட ஒரு படம் தேவைப்பட்டது. மதிலருகே நின்று கேமராவைக் கண்ணில் வைத்தார். பக்கத்தில் நின்ற ஏலிக்குட்டி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பத்தடி பின்னால போங்க சார். உச்சி வெட்டுப்படுது."

அவர் பத்தடி பின்னால் போனார்.