ஒன்றரைக் கட்டை கீழே

அவள் குரல் உச்சத்துக்கு ஏறும்போது அரங்கத்தில் இருமக்கூட யாருக்கும் மனம் வராது. ஓபரா என்னும் மேலைநாட்டு இசை நாடகத்தில் சோப்ரானோவாக, அதாவது உச்சக்குரல் பாடகியாக, கொடிகட்டிப் பறந்தவள், ஒரு சோப்பு விளம்பரத்துக்குப் பாடப்போக, அது பிள்ளைகள் வாயில்கூடப் புகுந்துகொண்டது. பிறகு ஓட்டல், தொலைக்காட்சி, கல்யாணம் என்று ஓயாத அழைப்பு. ஓபராக்காரர்கள் முகம் சுளித்துக் கழற்றிவிட்டார்கள். அவள் அசரவில்லை. கச்சேரியிலும் வீட்டுப் பயிற்சியிலும் கணவரின் கீபோர்டு துணையிருந்தது. எந்த மேடையானாலும் கடைசியில் ஓபரா பாட்டு ஒன்றைப் பாடித்தான் இறங்குவாள்.

ஐம்பத்திரண்டாம் வயதில் ஓபரா அரங்கம் ஒரு வேடத்துக்காக மறுபடி கூப்பிட்டது.

"வேணாம்மா, தொண்டை தாங்காது" என்றார் கணவர்.

"உங்களுக்குப் பொறாமைங்க. அங்க கீபோர்டுக்கு வேலை இல்லைல்ல?"

அவர் கீபோர்டை உறைபோட்டு மூடினார்.

ஒத்திகையில் முதல் வரியிலேயே அவளுக்கு மூச்சு முட்டியது.

"சுருதி ஏறியிருக்கே?"

"எழுதினபடிதான் வாசிக்கிறோம் மேடம்" என்றார் இசை நடத்துநர்.

உச்சத்தில் குரல் கிழிந்தது. மறுபடி முயன்றாள். மூன்றாவது தடவை காற்றுதான் வந்தது. வயலின்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கீபோர்டைப் போட்டுப் பார்த்தாள். அதிலிருந்த சின்னத் திரையில் சுருதி ஒன்றரைக் கட்டை இறங்கியிருந்தது. விரல் பழைய இடத்திலேயே விழும், ஒலி மட்டும் கீழே வரும்.

"எப்பலேருந்துங்க?"

"தொண்டையில ஆபரேஷன் ஆச்சே, அதுலேருந்து. வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமா இறக்கினேன். உனக்கு எட்டலைன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"நான் பாடினதெல்லாம் பொய்யா அப்ப?"

"நல்லாத்தாம்மா பாடினே."

"சொல்லியிருந்தா அன்னிக்கே கும்பிடு போட்டுட்டு மரியாதையா இறங்கியிருப்பேன். இன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நாறிப்போய் வந்திருக்கேன்."

அவர் அழுதார். அவளுக்கு அழுகை வரவில்லை.

சளி என்று சொல்லி விலகிக்கொண்டாள், யாரும் நம்பவில்லை. அந்த வேடம் ஒரு சின்னப் பெண்ணுக்குப் போனது. குடும்பம் ஓடவேண்டுமே, ஓட்டல் கச்சேரிகள் மட்டும் தொடர்ந்தன. ஓபரா பாட்டைக் கேட்டுக் கூட்டம் கத்தினால் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவாள்.

முன்பெல்லாம் காரில் திரும்பும் வழியெங்கும் இருவரும் விளம்பரப் பாட்டைக் கிண்டலாகப் பாடிச் சிரிப்பார்கள். இப்போது அவள் பின்னிருக்கையில் உட்காருகிறாள்.

"பசிக்குதா?" என்று அவர் கேட்பார்.

"ஓட்டுங்க."