நீலம் வந்தால்தான் பச்சை

...நீலம் மட்டும்தான் வரவில்லை, கருப்பு வருகிறது, ரோஸ் வருகிறது, மஞ்சள் கேட்கவே வேண்டாம், ஆனால் பிரிண்டர் துப்பிய சோதனைத் தாளில் நீலக் கோடுகள் இருக்க வேண்டிய இடம் பல் விழுந்த வாய் மாதிரி வெள்ளையாகக் கிடக்கிறது. அனுசியா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மஞ்சளோடு நீலம் சேர்ந்தால்தானே பச்சை, பச்சை இல்லாமல் ஏலக்காய் ஏது... காலையில் ஏலக்காய்ப் பாக்கெட்டில் ஒட்ட அச்சான முதல் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு மகாராணி அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது. “என்னடி இது, என் காய்க்கு மஞ்சக்காமாலையா? இத ஒட்டி வச்சா, போடிமெட்டுல கார விட்டு எறங்குறவன் காய் வாங்க மாட்டான், பாவம்னு கீழாநெல்லி வாங்கிக் குடுத்துட்டுப் போவான்!” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் வாசல்படி இறங்கும்போது சிரிப்பு இல்லை. “சாயங்காலம் டிரைவர் அழகுமலையோட ஜீப்பு மலைக்குப் போகுது. அதுக்குள்ள ஆகாதுன்னா வெரசா சொல்லிரு தாயி, பஸ் ஸ்டாண்டு கடையில குடுத்துக்கிறேன்.” பிள்ளை பெற்று வந்தபிறகு வீடு தேடி வந்த முதல் வேலை, இதுவும் கடைக்குப் போய்விட்டால் அவ்வளவுதான், அனுசியாவுக்கு இப்ப ஏது நேரம் என்று தெருவே முடிவு கட்டிவிடும்... தெரு என்ன தெரு, வீட்டுக்குள்ளேயே ஒருவர் முடிவு கட்டிவிட்டார் போலத்தானே இருக்கிறது.

பிரசவத்துக்குச் சிலமலையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது மேஜை காலியாக இருந்தது, பிரிண்டர் இருந்த இடத்தில் குழந்தைத் துணிக்கு ஒரு கூடை. நேற்று மகாராணி அக்கா வேலை சொன்னபிறகுதான் தேடினாள், பின்கட்டு அறையில், ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில், கம்பளி சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது. இனி வேண்டாத சாமான் என்றா... புருஷன் சுருளிவேலிடம் கேட்கவில்லை, அவனாகவும் சொல்லவில்லை, அவன் எதைத்தான் சொல்லியிருக்கிறான். வாரத்தில் ஒருநாள் மலையிலிருந்து இறங்கி வருவான், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், மறுபடி ஜீப் ஏறிவிடுவான், எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் அவன் பொறுப்பு. சூடு கூடினால் காய் வெளுத்துவிடும், குறைந்தால் பூஞ்சை, பச்சை போகாமல் ஈரத்தை மட்டும் விரட்ட வேண்டும், கல்யாணமான புதிதில் அவன் மூச்சுவிடாமல் பேசியது அது ஒன்றைப் பற்றித்தான்...

தூளியில் குழந்தை சிணுங்கியது, காலால் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு அனுசியா பிரிண்டர் மூடியைத் திறந்தாள். மூன்று தரம் மெஷினே தன்னைக் கழுவிக்கொண்டாகிவிட்டது, மை குறைந்ததுதான் மிச்சம், இனி கைவேலைதான். இங்க் அடிக்கிற தலை நடுவில் வந்து நிற்கும்போது ஒயரைப் பிடுங்கி, அதை ஓரமாக நகர்த்தி, டிஷ்யூ பேப்பரைப் பட்டையாக மடித்து அடியில் வைத்து, குழந்தைக்கு மருந்து ஊட்டுகிற சிரிஞ்சில் பாட்டரித் தண்ணீரை எடுத்துச் சொட்டுச் சொட்டாக அதில் விட்டாள், பிறகு தலையை மெல்ல அந்த ஈரத்தின்மேல் கொண்டுவந்து நிறுத்தினாள். ஊறட்டும். பக்கத்து மைத்தொட்டியில் நீலம் கழுத்துவரை நிற்கிறது, உள்ளே இல்லாமல் இல்லை, வாய் காய்ந்துபோய் வெளியே வர வழியில்லை, அவ்வளவுதான்... இப்படிக் காய என்ன காரணம், ஏழு மாதம் சும்மா கிடந்தது சரி, அதற்காக இவ்வளவா? பின்கட்டு அறை நினைவுக்கு வந்தது. வீட்டிலேயே வறண்ட அறை, காய் நமுக்கக் கூடாதென்று ஜன்னலை அடைத்து, தகரக்கூரை சூட்டில்... போனை எடுத்துவிட்டாள். அதிசயமாக மலையில் சிக்னல் இருந்தது.

“மாமா, பிரிண்டர ஏன் ஏலக்காய் ரூம்ல வச்சீங்க?”

“பின்ன எங்க வைக்க? மழைக்கு முன்ரூம் செவுரெல்லாம் ஓதம். நம்ம வீட்டுல நமுக்காத எடம் அது ஒண்ணுதான?” அடுப்புக்கு விறகு போடுகிற சத்தம் கேட்டது. “நீ வந்ததும் வேலை பாப்பேல்ல, பூஞ்சை கீஞ்சை புடிச்சிருச்சுன்னா?”

“கம்பளி எதுக்கு?”

“தூசி போகக் கூடாதுல்ல. ஏன், ஓடுதா?”

“அது உங்க கம்பளிதான மாமா? மேல குளிரலையா?”

“ஸ்டோருக்குள்ள என்ன குளிரு... பாப்பா என்ன செய்யுது?” என்றான், அவள் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

ஸ்டோருக்குள் குளிராது சரி, படுப்பது வெளிக்கொட்டகையில்தானே, கார்த்திகை மாதக் குளிர்... வேண்டாத சாமானுக்கு யாராவது போர்த்திக்கொள்கிற கம்பளியைக் கொடுப்பார்களா, இதைக் கேட்காமல் நேற்றிலிருந்து மனசுக்குள் என்னென்ன பேசிவிட்டோம்... டிஷ்யூவை உருவினாள். நடுவில் நீலம், ஊதாப்பூவைக் கசக்கிவைத்த மாதிரி அகலமாக, அவள் வாய்விட்டுச் சிரித்ததில் குழந்தை முழித்துக்கொண்டது. ஒயரைச் சொருகி இன்னொரு தாள் விட்டாள், நீலக் கோடுகள் படிப்படியாக இறங்கி வந்தன, கடைசிப் படியில் மட்டும் ஒரு சின்ன இடைவெளி. பரவாயில்லை, அடுத்த ஸ்டிக்கரில் காய் பச்சையாக வந்தது, ஸ்டோரிலிருந்து அள்ளிய பச்சை. வாசலுக்கு ஓடிப்போய், “அக்கா, காமாலை தெளிஞ்சிருச்சு, வந்து பாருங்க!” என்று கத்தினாள்.

ஜீப்பில் ஸ்டிக்கரோடு கம்பளியையும் கொடுத்துவிட வேண்டும் என்று மடிக்கும்போதுதான் பார்த்தாள், ஓரத்தில் அவள் விரல் பட்ட இடமெல்லாம் நீலம். தேய்த்தால் இன்னும் பரவும், இருக்கட்டும், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்... என்னவென்று சொல்வது? நீங்கள் காயவைத்துக் காப்பாற்றினீர்களே, அதனால்தான் அடைத்துக்கொண்டது என்றா? மாமா, எல்லாம் ஏலக்காய் இல்லை, சிலதுக்குக் கொஞ்சம் ஈரம் வேணும், அப்பப்ப நாலு வார்த்தையாவது... குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கம்பளியை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றாள். தெருமுனையில் ஜீப் ஹாரன் கேட்டது, அவன் மனம் நோகாமல் அதைச் சொல்ல ஒரு வார்த்தை இன்னும் அகப்படவில்லை.