பழக்கடைக்காரியின் குரல்

அறையில் இருந்தவர்கள்: டீம் லீடர் மொட்டை, அவன் சொன்னதற்கெல்லாம் சிரிக்கும் சோடாபுட்டி, நான், தரை துடைக்கும் அக்கா. கணினித் திரைக்குள் ஒரு பழக்கடைக்காரி.

இரவுப் பணி முடிந்து விடிந்திருந்தது. திறக்க முடியாத ஜன்னல்களுக்குள் முந்தின நாள் சாப்பாடும் வியர்வையும் கலந்து நாறின. படிப்பைப் பாதியில் விட்ட எனக்குக் கிடைத்த வேலை, வீடியோ கேமைச் சோதிப்பது. யாராகவும் வாழலாம், எதையும் செய்யலாம் என்று விளம்பரம் போட்டிருக்கிறார்கள். அந்த 'எதையும்' ஒழுங்காக நடக்கிறதா என்று நாங்கள் பார்க்க வேண்டும். அந்த உலகத்தில் வைத்தியம் பார்க்கலாம், படகு ஓட்டலாம், சும்மா ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கலாம். வெளியிடுமுன் சிலருக்கு ஆடிப் பார்க்கக் கொடுத்தோம். பாதிப் பேர் நேராகப் பழக்கடைக்குப் போய்க் கடைக்காரியை அடித்தார்கள். அவள் கெஞ்சுவதற்கு இன்னும் வசனம் போதவில்லை என்று எழுதி அனுப்பினார்கள்.

கடைக்காரியின் குரல் அக்காவுடையது. நடிகை வராத ஒரு நாளில் மொட்டை அவளை மைக் முன்னால் நிறுத்தினான். கடைக்காரி வேஷம் என்றான். திருடன் வருகிறான் என்று சொல்லி அழவும் வைத்தான். அதன்பின் வாளியோடு வரும்போதெல்லாம், கடை எப்படிப் போகிறது என்று என்னிடம் விசாரிப்பாள். நன்றாகப் போகிறது என்பேன். கேம் வெளிவந்ததும் தன் பிள்ளைகள் ஆடக் காத்திருப்பதாகச் சொல்வாள்.

இன்று மொட்டை ஹெட்போனைச் சரியாகச் செருகவில்லை. ஸ்பீக்கரில் அவள் குரல் வெடித்தது. "விட்டுருங்கய்யா, வீட்ல புள்ளைங்க இருக்கு." திரையில் ஓர் உதை. மறுபடி அதே கெஞ்சல். இன்னோர் உதை, வேறு மாதிரி அழுகை. மொட்டை பிஸ்கட் மென்றபடி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். சோடாபுட்டி சிரித்தான்.

தரையில் ஓடிய துடைப்பம் நின்றது.

"திருடன்னு சொன்னீங்களே சார். இது யாரு அடிக்கிறது?"

மொட்டை திரும்பினான். கூசிப் போவான் என்று நினைத்தேன். வாயெல்லாம் பல்லாக இருந்தான்.

"ஆடுறவங்கதான்க்கா. உங்க அழுகைதான் எல்லாருக்கும் புடிச்சிருக்கு."

அதை எடுத்துவிடச் சொன்னாள். ஆடுகிறவனின் சுதந்திரத்தில் கை வைக்க முடியாது என்று அவன் பொறுமையாக விளக்கினான். பிஸ்கட் தூள் அவன் உதட்டில் ஒட்டியிருந்தது.

"அப்போ எம்புள்ளைங்களும் என்னைத்தான் அடிக்குமா?"

என்னைப் பார்த்தாள். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

வாளியைப் பாதி துடைத்த தரையிலேயே விட்டாள். கழுத்திலிருந்த நுழைவு அட்டையைக் கழற்றி மொட்டையின் பிஸ்கட் பாக்கெட் மேல் வைத்தாள். அது இல்லாமல் வெளியிலிருந்து இந்தக் கதவு திறக்காது. அவளுக்குத் தெரியும்.

அடிபட்டவர்கள் சற்று நேரத்தில் எல்லாவற்றையும் மறந்து எழுவதுபோலத்தான் அந்த உலகத்தைச் செய்திருக்கிறோம். திரையில் கடைக்காரி எழுந்து முந்தானையை உதறினாள்.

"வாங்க, வாங்க. என்ன பழம் வேணும்?"

அக்காவுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.