கிருபாவதியின் மாமியார் வேஷம்

சித்தூர் மிஷன் கோயிலில் கிருபாவதி கட்டிய பாட்டு இல்லாமல் எந்தப் பண்டிகையும் நடந்ததில்லை. கல்யாணமான புதிதிலிருந்தே, அறுபதுகளிலிருந்தே, அப்படித்தான். மெட்டு எந்த நேரத்தில் வரும் என்று அவளுக்கே தெரியாது. பெரும்பாலும் அடுப்படியில்தான் வரும். மாட்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டரான புருஷன் தனராஜ், தட்டிலிருக்கும் தோசையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு எந்த ராகத்துல கருகிச்சு?” என்று கேட்பார்.

எண்பத்துநாலில் மெட்ராஸ் டெலிவிஷனில் பாடுவதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சுருதிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். காத்திருந்த இடத்தில் ஒருவர் அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். கிருபாவதி அவரைத் திட்டிய திட்டு உள்ளே இருந்த நாடகத் தயாரிப்பாளர் காதுவரைக்கும் போனது. அவர் வெளியே ஓடி வந்தார்.

“அம்மா, எங்க தொடர்ல மாமியாரா நடிக்கிறீங்களா?”

“பாட்டு உண்டா?”

“மாமியாருக்கு எதுக்கும்மா பாட்டு?”

டெலிவிஷனுக்குள் கால் வைத்தால் போதும், பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டாள்.

தொடர் வந்தது. அதில் கிருபாவதி மருமகளைப் படுத்திய பாட்டில் ஊரே கொதித்தது. திருப்பதியில், அலிபிரி போகும் சாலையில் அவள் மகன் வீடு; அடிக்கடி அங்கே போய்த் தங்குவாள். நிஜ மருமகள் தபீதாள் நர்ஸ். அங்கே மார்க்கெட்டில் கீரை விற்கும் செங்கம்மா, மெட்ராஸ் பக்கம் ஆன்டெனா திருப்பிய வீடொன்றில் வாராவாரம் தொடர் பார்ப்பவள். தபீதாளைக் கண்டால் ஒரு கட்டு கூடவே போட்டுவிடுவாள்.

“நல்லா துன்னும்மா. அந்தம்மா ஊட்ல இன்னா போட்றாளோ.”

கூடவே நின்ற கிருபாவதிக்கு முகம் சிவந்தது. வழியில் மருமகளிடம் கேட்டாள். “ஏம்மா, எங்க அத்தை அப்படி இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா கீரை கொறஞ்சிடும் அத்தை.”

தொடரின் கடைசிப் பகுதியில், மகனும் மருமகளும் தனிக்குடித்தனம் போன பிறகு மாமியார் ஒற்றையாக உட்கார்ந்து அழ வேண்டும். கிருபாவதிக்கு அழுகை வரவில்லை. கண்ணில் கிளிசரின் விட்டார்கள், தும்மல்தான் வந்தது. தயாரிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அழ வராதுங்க. வேணும்னா பாட்றேன்” என்றாள் கிருபாவதி. அவர் சரி என்பதற்குள் தொடங்கியும் விட்டாள். எப்போதோ அடுப்படியில் கட்டி, கோயிலில் பாட முடியாது என்று மனசிலேயே வைத்திருந்த பாட்டு.

*அடுப்பு மேல உலை கொதிக்குது,
அரிசி போட ஆளில்ல;
அதட்டி அதட்டி வாய் வலிக்குது,
அன்பு சொல்லத் தெரியல்ல.*

பாடி முடித்தபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அது எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அது ஒளிபரப்பான பிறகு மாமியாரும் மருமகளும் மார்க்கெட்டுக்குப் போனபோது, செங்கம்மா தபீதாளை முறைத்தாள். “பெரியவங்கள ஒண்டியா உட்டுட்டு எங்கம்மா சுத்திக்கினு கீறே?” பிறகு கிருபாவதியைக் கையைப் பிடித்து ஒரு கோணியில் உட்கார வைத்தாள். “அந்தப் பாட்ட ஒரு தபா பாடும்மா.”

கிருபாவதி பாடினாள். கூட்டம் சேர்ந்தது. மறுபடி கேட்டார்கள், மறுபடி பாடினாள். இந்தத் தடவை தபீதாளும் ஆசையாகச் சேர்ந்துகொண்டாள். சுருதி எங்கேயோ போனது. கிருபாவதி பாட்டை நிறுத்தி மருமகளை ஒரு பார்வை பார்த்தாள்.

“வந்துட்டா மாமியா” என்றாள் செங்கம்மா. முதலில் சிரித்தவள் தபீதாள்தான்.