பிரஸ்ஸை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்

கல்யாணமான புதிதில் என் மனைவி அருணா ஒரு நாள் கேட்டாள், "நீங்க பேசறது எல்லாம் ஏன் யாரையோ வெரட்டற மாதிரியே இருக்கு?" நான் யாரையும் விரட்டவில்லை. சாம்பாருக்கு உப்புக் கேட்டிருந்தேன், அவ்வளவுதான்.

தொழில் அப்படி. ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் தகடு வெட்டும் பவர் பிரஸ் மூன்று வைத்து, ஒரு வண்டிக் கம்பெனிக்குத் தகட்டு பிராக்கெட் அடித்துக் கொடுக்கிறேன். மூன்று நொடிக்கு ஒரு தரம் பிரஸ் இறங்கும், தரையே அதிரும். சொல்ல வேண்டியதை இரண்டு அடிக்கு நடுவில் கத்தி முடித்துவிட வேண்டும். பதில் வருவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும் என்பதால், பதிலுக்காக நிற்கிற பழக்கமே எனக்குப் போய்விட்டது. யாராவது பக்கத்தில் வந்து வாயைத் திறந்தால் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். பிரஸ்ஸை நிறுத்திவிட்டுப் பேசுவது என் ஷெட்டில் கொலைக் குற்றம்.

இந்த லட்சணத்தில்தான் கஸ்டமரிடமும் பேசுவேன். ஒரு பர்ச்சேஸ் அதிகாரி சிரித்தேவிட்டார். "முனிராஜ், நான் இன்னும் கேக்கவே ஆரம்பிக்கல." அதற்குள் நான் "ஆயிடும் சார்" என்று சொல்லிவிட்டிருந்தேன்.

போன மாசியில் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. எங்கள் பிராக்கெட் ஓரத்தில் இருந்த பிசிர், அவர்கள் லைனில் வேலை செய்த ஒரு பெண்ணின் கையுறையைக் கிழித்து, விரலையும் கிழித்துவிட்டதாம். நாலு தையல். வியாழக்கிழமை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும், அந்த பிராக்கெட்டை ஓட்டுகிற ஆபரேட்டரையும் அழைத்து வர வேண்டும், விளக்கம் சரியாக இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். என் வேலையில் முக்கால்வாசி அவர்களுடையது. அது போனால் ஷெட்டைப் பூட்டிவிட்டு, என்னோடு சேர்த்து ஆறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த பிராக்கெட்டை ஓட்டுவது செல்லி அக்கா. கர்நாடக எல்லையோரம் தளிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். இரண்டு பேருக்கும் ஒரே வயது, யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

வியாழக்கிழமை வண்டியில் போகும்போதே சொல்லிவிட்டேன். "அக்கா, நீங்க ஒண்ணும் பேச வேணாம். எல்லாம் நான் பாத்துக்கறேன்." பின்னாலிருந்து அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். வண்டி ஓட்டிக்கொண்டே கட்டை விரலைக் காட்டினேன்.

சின்னக் கண்ணாடி அறை. ஏசி சத்தம் தவிர வேறு சத்தமில்லை. எதிரே தர ஆய்வு அதிகாரி வினிதா மேடம், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நான் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன். தகட்டை வெட்டுகிற எங்கள் அச்சு, அந்த டை, எவ்வளவு நல்ல டை, எத்தனை வருஷமாக ஒரு புகாரும் இல்லை, இனிமேல் நடக்கவே நடக்காது. கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேர் எழுந்து நின்று, உள்ளே சண்டையா என்று பார்த்தார்கள். மேடம் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகக் கேட்டார். "முடிச்சிட்டீங்களா சார்? அடிபட்ட பொண்ணு பேரு மேகலா. வேலைல சேந்து மூணு மாசம்தான் ஆகுது. நீங்க இவ்ளோ நேரம் பேசினீங்க, அவங்க கை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல."

அந்தப் பெண்ணை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் உண்மை.

மேடம் செல்லி அக்காவின் பக்கம் திரும்பி, ஊரை விசாரித்து, தளி என்றதும் கன்னடத்துக்கு மாறினார். அக்கா தயங்கித் தயங்கி ஆரம்பித்து, ஐந்தாறு நிமிஷம் பேசினார். என்னிடம் வேலைக்குச் சேர்ந்த நாலு வருஷத்தில் அவர் தொடர்ந்து நாலு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. எனக்கும் கன்னடம் தெரியும். அதனால் தப்பிக்க வழியில்லாமல் முழுக்கக் கேட்டேன். பொங்கலுக்குப் பிறகு வந்த தகடு பழையதைவிடக் கெட்டி. பத்தாயிரம் அடி தாங்கிய டை இப்போது ஆறாயிரத்திலேயே மழுங்கிவிடுகிறது, அதற்கு மேல் அடித்தால் பிசிர் வருகிறது. விரலால் தடவிப் பார்த்து, பிசிர் வந்ததை எல்லாம் தனியாக ஒரு நீல டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

"அப்பறம் அந்த டப்பா எப்படி இங்க வந்தது?" என்று மேடம் கேட்டார்.

அக்கா தரையைப் பார்த்தார்.

எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை லோடு கிளம்புகிற அவசரம். அக்கா ஓடி வந்து டப்பாவைக் காட்டி என்னவோ சொன்னார். நான் கட்டை விரலைக் காட்டிவிட்டு டப்பாவைத் தூக்கி வண்டியில் ஏற்றினேன். திங்கட்கிழமை மறுபடியும் சொல்ல வந்தார். அன்றைக்கும் அதே விரல்தான். இப்போது என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். ஆபரேட்டர் கவனக்குறைவு என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் தப்பித்துவிடலாம். அந்த நினைப்பு வந்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.

"அவங்க மேல தப்பு இல்ல மேடம். ரெண்டு தடவ சொல்ல வந்தாங்க, நான்தான் நின்னு கேக்கல. டப்பாவ ஏத்தினது நான்" என்றேன். பிறகு கேட்டேன், "அந்தப் பொண்ணுக்கு இப்ப கை எப்படி இருக்கு?"

மேடம் அப்போதுதான் பேனா மூடியைத் திறந்தார். மூன்று மாதம் பார்ப்பதாகச் சொன்னார். ஆறாயிரம் அடிக்கு ஒரு தரம் டையைக் கழற்றிச் சாணை பிடிக்க வேண்டும், தினம் ஆபரேட்டர் சொல்வதைக் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். வேலை போகவில்லை. அந்த மேடம் இருக்கும் திசைக்கு இன்றைக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன். வெளியே வரும் வழியில் மேகலாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டோம். கட்டுப்போட்ட விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "பரவால்ல சார்" என்றது அந்தப் பெண்.

மறுநாள் காலை ஷெட்டில் மெயின் சுவிட்சை நான் என் கையாலேயே அணைத்தேன். கரண்ட் போய்விட்டது என்று எல்லோரும் எழுந்து வந்தார்கள். "பத்து நிமிஷம் நான் வாயத் தொறக்க மாட்டேன். என்கிட்ட சொல்ல வேண்டியது இருந்தா சொல்லுங்க" என்றேன்.

கடைசியில் மூன்றாவது பிரஸ்காரர் ஆஞ்சப்பன் என்னை நெருங்கி, காதுக்கு அருகில் வாயை வைத்துக் கத்தினார். "அப்பறமா எழுதிக் காட்டறேண்ணா!"

"ஏன்யா கத்தற? பக்கத்துலதான நிக்கற?"

செல்லி அக்கா சிரித்துவிட்டார். "கத்தாதப்பா, அவருக்கு நல்லாவே கேக்குது. நேத்து அந்த மேடம் மெள்ளப் பேசினதுக்கெல்லாம் பதில் சொன்னாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆஞ்சப்பன் தலையைச் சொறிந்தார். "உங்களுக்குக் காது போயிடுச்சுன்னு நெனச்சோம்ணா. பிரஸ் சத்தத்துல சில பேருக்குப் போயிடும் இல்ல? எது சொன்னாலும் வெரலக் காட்டிட்டுப் போயிடறீங்க. வெளிய தெரிஞ்சா கம்பெனிக்காரங்க வேல குடுக்க மாட்டாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு உடல. இந்த சுபாஷ் மட்டும் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டான்."

சுபாஷ் வேறு பக்கம் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தது.

"அப்படி நெனச்சுமா என்கிட்ட வேல செஞ்சீங்க? சுத்தி இத்தன ஷெட் இருக்கே, போயிருக்கலாமே?"

ஆஞ்சப்பன், நான் கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல என்னைப் பார்த்தார். "காது கேக்காத மனுசன உட்டுட்டு எப்டிண்ணா போறது?"

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. நான் பேசுவதைக் கேட்க இவர்கள் என்னோடு இருந்தார்கள் என்று நினைத்திருந்தேன். என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் இருந்திருக்கிறார்கள். நன்றி சொன்னேன்.

"என்னா சொல்றாரு?" என்று சுபாஷ் அக்காவிடம் கேட்டார்.

குரல் அவ்வளவு தணிந்திருந்தது, ஒருவருக்கும் கேட்கவில்லை. ஒவ்வொருவர் எதிரிலும் போய் நின்று இன்னொரு தரம் சொன்னேன்.