சின்னத்தங்கத்தின் நான்கு எண்கள்

1

இந்தக் கதை எனக்குச் செங்கலடிச் சந்தியில், போனுக்குக் காசு போடும் ஒரு ரீலோட் கடையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் கேட்டாள்: "புள்ள, இந்த நம்பர மாத்தேலுமா?" என் காதில் விழுந்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் என் சரக்கு. பிழையென்றால் அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: வாவியின் மேல் நிலவு வெள்ளித் தட்டாக—

(வெட்டிவிட்டேன். அப்போது காலை பத்து மணி.)

இரண்டாம் தொடக்கம்: வளர்முக நாடுகளின் ஏழைப் பெண்களுக்குக் கைப்பேசியே வங்கியாக—

(இதையும். இப்படித் தொடங்கும் கட்டுரைகளில் ஒரு பெண்ணுக்கும் பெயர் இருப்பதில்லை. இவளுக்கு உண்டு: சின்னத்தங்கம். வாவியில் இறால் பிடிப்பவள். ஏறாவூர் வியாபாரி உசனார் இறால் காசை அவளுடைய போனுக்கே அனுப்பிவிடுவார்.)

3

போனில் கிடக்கும் காசை எடுக்க நான்கு எண்கள் வேண்டும். "மறக்காத நம்பரா வையுங்க மாமி" என்று கடைக்காரப் பெண் பிரஷாந்தி ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். சின்னத்தங்கம் 1978 என்று வைத்தாள். சூறாவளி அடித்த வருடம். சிறுமியாக இருந்த அவளுடைய கண் முன்னால்தான் வீட்டுக் கூரை பறந்தது. சங்கடம் என்னவென்றால், அந்த வயதுக்காரர் எல்லோருக்கும் மறக்காத வருடம் அதுதான். ஊரில் பாதிப் பேரின் இரகசியம் 1978.

[அடிக்குறிப்பு: இளையவர்கள் 2004 வைத்திருக்கிறார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.]

4

முதல் பிரதியில் கணவர் வினாயகமூர்த்தியைக் குடிகாரராக எழுதினேன். எழுதச் சுலபமாக இருந்தது. மனிதர்தான் ஒத்துவரவில்லை. அவர் குடிப்பதில்லை, கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல வாய் வராது, அதுதான் அவருடைய நோய். கூரைத் தகரத்துக்கென்று அவளுடைய போனில் சேர்ந்த காசை, 1978 என்று அழுத்தி எடுத்து, மச்சானுக்கு வலை வாங்கிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ரியூஷன் காசு அனுப்பினார். மாரி மழை நெருங்குகிறது. போன மாரியில் இருவரும் ஒரு மூலையில் குந்தியிருந்தே விடிந்தது. அது அவளுக்குச் சீதனமாக வந்த வீடு. ஒழுகினால் அவளுக்குத்தான் நெஞ்சு தாங்காது.

எண்ணை மாற்றும் யோசனையும் அவருடையதே. இதை எழுதும்போது எனக்கு அவர்மேல் அன்பு வந்துவிட்டது.

"புதுசா ஒண்டு வை புள்ள. எனக்குச் சொல்லிப்போடாத. ஆரும் கேட்டா நான் அனுப்பிருவன்."

சொல்லிவிட்டுக் கடைக்கு வெளியே போய்ப் பதுளை றோட்டைப் பார்த்தபடி நின்றார்.

5

"அவருக்குத் தெரியாத நம்பரா யோசிங்க மாமி," என்றாள் பிரஷாந்தி. "கலியாணத் தேதி?"

"அவருக்குத் தெரியும்."

"மகள்ர பிறந்த நாள்?"

"அதும் தெரியும். பிறந்து செத்த பொடியன்ட நாள் என்னைவிட அவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

"மறுகா என்ன செய்ற?"

சின்னத்தங்கம் யோசித்தாள். இத்தனை வருடம் வாழ்ந்ததில் தனக்கென்று மட்டும் ஒன்று— (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் துணிவில்லை.) பிறகு வெட்கப்பட்டாள். 'வெட்கப்பட்டாள்' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன், அது வெட்கம்தான். சட்டென்று நான்கு எண்களை அழுத்தினாள்.

என்ன எண்கள்? ஒன்றை எழுதிப் பார்த்து அழித்தேன். அச்சில் வந்தால் யாராவது அவருக்கு வாசித்துக் காட்டிவிடுவார்கள்.

6

பஸ்ஸுக்கு நடக்கும்போது அவர் கேட்டார்: "மறந்துபோக மாட்டியே?"

"அது மறக்கிற நம்பரில்ல."

வினாயகமூர்த்தி நின்றுவிட்டார். ஒரே பாயில் படுத்து எழும்பியவளிடம் அவருக்குத் தெரியாத, அவளால் மறக்க முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது.

கேட்டால் சொல்லிவிடுவாள். அவளுக்கும் அவரிடம் மட்டும் இல்லையென்று சொல்ல வராது. சொன்னால் இந்த மாரிக்கும் கூரை இல்லை. கேட்காவிட்டால் கூரை வரும். ஆயுள் முழுக்க அதன் கீழே, தெரியாத அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் அவர் படுத்திருக்க வேண்டும்.

இரண்டு முடிவையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் எனக்குக் கண் கலங்கியது, ஆகவே என்னை நம்பாதீர்கள். இதோ, அவர் வாயைத் திறக்கிறார். கேட்கட்டுமா, விடட்டுமா? பஸ் வருவதற்குள் நீங்களே சொல்லுங்கள்.